இரண்டு கூவலூருக்கும் ஒரே ஓடை

மேலக்கூவலூர்
8.6.2025

சம்பந்தியம்மாவுக்கு,

பொன்மணி எழுதுகிறேன். இந்த வெயிலிலும் இங்கே எல்லோரும் ஒருமாதிரி நன்றாகவே இருக்கிறோம். நீங்களும் அண்ணாச்சியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா?

என்னடா இது, கடிதம் போட்டிருக்கிறாளே என்று நினைப்பீர்கள். போனில் பேசலாம்தான். ஆனால் என் வீட்டுக்காரருக்கு என் போன் அடித்தாலே "யாரு, யாரு" என்று பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். கீழக்கூவலூரிலிருந்து என்று தெரிந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. உங்கள் வீட்டிலும் அதே கதைதான் என்று மகன் செண்பகராஜ் சொன்னான். தபால் என்றால் என் கைக்கு நேராக வரும்.

மணியாச்சியிலிருந்து பிள்ளைகள் உங்களுக்கும் செய்தி சொல்லியிருப்பார்கள். இந்துஜாவுக்கு இரண்டு மாசம். கேட்டதும் அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். கூடவே உங்கள் மகள் ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டாள். "ரெண்டு அப்பாமாரும் பேசிக்கிடாம எனக்கு வளைகாப்பு வேண்டாம் அத்தை. ஒருத்தர் வந்து ஒருத்தர் வராத விசேஷத்துல நான் மாலை போட்டு உக்காரமாட்டேன்." செண்பகராஜும் அப்படியே சொல்கிறான். ரயில்வேயில் சேர்ந்த பிறகு அவனுக்குப் பேச்சு நேராகத்தான் ஓடுகிறது.

2023 மார்கழி வெள்ளத்தில் எங்கள் கண்மாய்க் கரை உடைந்து உங்கள் ஊர் விளைகாடுகளை மூழ்கடித்தது. அதற்கப்புறம் பஞ்சாயத்துக் கூட்டத்தில் இவரும் அண்ணாச்சியும் பேசிய பேச்சை நான் திரும்ப எழுத வேண்டாம். உங்கள் ஊர் அழிந்தது. எங்கள் ஊரிலும் அந்த ஒரே ராத்திரியில் கண்மாய்த் தண்ணீர் பூராவும் போய், கோடையில் மாட்டுக்கு லாரித் தண்ணீர் வாங்கினோம். முன்பு ஐப்பசி, கார்த்திகை முழுக்கப் பெய்ததை இப்போது வானம் இரண்டு நாளில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது. இந்த வருஷமும் அப்படிக் கொட்டினால்?

நாம் இரண்டு பேர் ஏதாவது செய்ய முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். அண்ணாச்சியைக் கேட்டதாகச் சொல்லவும் முடியவில்லை. மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பொன்மணி

---

கீழக்கூவலூர்
17.6.2025

சம்பந்தியம்மாவுக்கு ராமலட்சுமி எழுதுவது.

நான் நலம். இவருக்கு ரத்த அழுத்த மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது, மற்றபடி நலம்.

வெள்ளம் பற்றி எழுதியிருந்தீர்கள். பக்குவமாக எழுதியிருந்தீர்கள். ஆனால் கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிகிற கலிங்கின்மேல் உங்கள் ஊர் ஆட்கள் கல்லையும் மண்மூட்டையையும் அடுக்கி உயர்த்தியிருந்ததை மட்டும் எழுதவில்லை. வழிய வேண்டிய தண்ணீர் வழியாமல்தான் கரையை உடைத்தது. எங்கள் மிளகாய்க் காட்டில் முழங்கால் உயரம் சேறு. அந்த வருஷம் நாங்கள் வீட்டுக் குழம்புக்கே வற்றல் விலைக்கு வாங்கினோம்.

இதுவரை எழுதிவிட்டு, தபாலில் போட மனசில்லாமல் வைத்திருந்தேன். நேற்று சத்துணவுக் கூடத்தைப் பூட்டிவிட்டு ஓடைப் பக்கம் நடந்து போனேன். உங்கள் கலிங்கிலிருந்து எங்கள் கண்மாய்க்கு வருகிற அதே ஓடை. எங்கள் எல்லைக்குள் அதைக் காணவே காணோம். சீமைக்கருவேல மரம் காடாக அடைத்து, குப்பையும் மண்ணும் மேடாகிக் கிடக்கிறது. உங்கள் கலிங்கு ஒழுங்காக வழிந்திருந்தாலும் அந்தத் தண்ணீர் எங்கள் கண்மாய்க்கு வந்து சேர்ந்திருக்காது. மிளகாய்க் காட்டுக்குள்தான் பாய்ந்திருக்கும். எங்கள் ஊரில் ஒருத்தரும் இதைப் பேசிக் கேட்டதில்லை. நானும் பேசியதில்லை.

நூறு நாள் வேலையில் ஓடை தூர்வாருவதை எழுதச் சொல்லிப் பஞ்சாயத்தில் கேட்கப் போகிறேன். எங்கள் முள்ளை நாங்கள் வெட்டுகிறோம். உங்கள் கல்லை நீங்கள் பாருங்கள்.

இந்துஜாவுக்கு மசக்கை அதிகம். மாங்காய் இஞ்சி ஊறுகாய் கேட்டாள், கொடுத்து விட்டேன்.

ராமலட்சுமி

---

மேலக்கூவலூர்
2.7.2025

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் சுருக்கென்று குத்தியது. குத்தின இடம் சரியான இடம்தான், அதனால் கோபம் வரவில்லை. அண்ணாச்சிக்கு உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து இவரிடம் பேச்சைத் தொடங்கினேன்.

"கலிங்குல இருக்க கல்லை எடுத்துருவோமே."

"எடுத்துட்டு? நம்ம மாடு கானலைக் குடிக்குமா?"

"போன வெள்ளத்துல கல்லு இருந்துச்சே. தண்ணி இருந்துச்சா?"

"குழம்புல உப்பு கம்மி" என்றார். இவருக்குப் பதில் இல்லாவிட்டால் குழம்பில் உப்பு குறைந்துவிடும்.

இவர் பயமும் நியாயம்தான். கல்லை எடுத்தால் கண்மாயில் நிற்கிற தண்ணீர் இரண்டடி குறையும். பாசனச் சங்கத் தலைவர் என்று ஊர் நாளைக்கு இவரைத்தான் கேட்கும். எங்கள் மகளிர் குழுவில் இதையே பேசிக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை வந்தது. மேலே உயர்த்திப் பிடிக்கிற தண்ணீரை, கீழே ஆழப்படுத்திப் பிடித்தால் என்ன? கண்மாய் இப்போது காய்ந்துதான் கிடக்கிறது. வண்டலை அள்ளிக் காட்டுக்கு அடித்தால் காட்டுக்கும் உரம், கண்மாய்க்கும் ஆழம். அனுமதிக்கு மனு கொடுத்திருக்கிறோம். அள்ளுவதற்கு டிராக்டர்தான் இல்லை. எங்கள் ஊரில் இருப்பது இரண்டு, இரண்டும் வாடகைக்கு வெளியூர் போய்விடுகிறது.

முள் வெட்டும்போது செருப்பில்லாமல் இறங்காதீர்கள்.

பொன்மணி

---

கீழக்கூவலூர்
20.7.2025

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

முதுகு வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வலியும் சந்தோஷமான வலி.

ஓடையில் இறங்கிவிட்டோம். முதல்நாள் ஆண்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இந்த முள்ளை இந்த ஜென்மத்துல வெட்டி முடியாது" என்றார் ஒருத்தர். என்னோடு சமைக்கிற உமாராணி, "அப்ப அடுத்த ஜென்மத்துக்கு அருவாளைத் தீட்டி வைங்க அண்ணாச்சி" என்றாள். அவளுக்குப் பிறந்த வீடு உங்கள் ஊர்தான், வாய்க்குக் கேட்கவா வேண்டும். மறுநாள் அவரே அரிவாளோடு வந்துவிட்டார்.

வெட்ட வெட்ட வெள்ளம் கொண்டுவந்த சாமான்கள் கிளம்பின. ஒரு சைக்கிள், ரேஷன் கடைத் தராசு, ஒரு ஜோடியில் ஒற்றைச் செருப்பு. அப்புறம் கடப்பாரை எதிலோ பட்டு 'ணங்'கென்று சத்தம். மண்ணைத் தோண்டினால், ஊர்ச்சோறு ஆக்குகிற இவ்வளவு பெரிய தேக்சா! துடைத்துப் பார்த்தால் 'மேலக்கூவலூர் மகளிர் குழு' என்று பெயர் வெட்டியிருக்கிறது.

கொடுக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் ஒரு கூட்டம். "நம்ம காட்டை அழிச்சதுக்கு இதாவது இருக்கட்டும்" என்று. நான் சொன்னேன்: "அவிய கல்யாணத்துல எல்லாம் இதுல ஆக்கித்தான் நாம தின்னோம். அத வச்சுக்கிட்டு நாம என்ன செய்ய?" கொடுப்பது என்று முடிவானதும் வெறும் பாத்திரமாகக் கொடுத்தனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. நாளை லோடு ஆட்டோவில் வருகிறது. குதிரைவாலிப் பாயசம். இனிப்பு கொஞ்சம் தூக்கல், ஆளாளுக்கு வெல்லம் போட்டுவிட்டார்கள்.

ராமலட்சுமி

---

மேலக்கூவலூர்
3.8.2025

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே ஊரே இனிப்பாக இருக்கிறது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

ஆட்டோ வந்து நின்றதும் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மூடியைத் திறந்ததும் எங்கள் குழுவில் இருக்கிற வெயிலுகந்தம்மாள் மதினி அழுதேவிட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிலிருந்து எல்லோரும் தூக்குவாளியோடு வந்தார்கள். இவர் வாங்க வரவில்லை. நான் கொண்டுபோய் வைத்த டம்ளரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாரு ஆக்கினது?" என்றார். "கீழூர்ல." குடித்தார். "வெல்லம் கூடிப்போச்சு" என்றார். ஆனால் டம்ளரைக் கவிழ்த்துத்தான் வைத்தார்.

சுதந்திர தினத்தன்று கிராமசபையில் கலிங்குக் கல்லைப் பற்றிப் பேசப் போகிறோம். எங்கள் குழுவில் எல்லோரும் ஒரே பேச்சாக இருக்கிறார்கள். என்ன நடந்தது என்று உடனே எழுதுகிறேன்.

பொன்மணி

---

கீழக்கூவலூர்
1.9.2025

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சுகம்தானே? உடனே எழுதுகிறேன் என்றீர்கள். பதினைந்தாம் தேதி போய் மாசமும் மாறிவிட்டது. தபால்காரரிடம் தினமும் கேட்டு, அவர் என்னைக் கண்டதும் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

எங்கள் பக்கம் ஓடை இப்போது ஓடையாகத் தெரிகிறது. இந்துஜாவுக்கு வயிற்றில் பிள்ளை அசைவது தெரிகிறதாம்.

நான் ஏதும் தவறாக எழுதிவிட்டேனா? இரண்டு வரியாவது போடுங்கள்.

ராமலட்சுமி

---

மேலக்கூவலூர்
10.9.2025

சம்பந்தியம்மாவுக்கு,

எல்லோரும் நலம். நீங்கள் தவறாக ஒன்றும் எழுதவில்லை. கல்லை எடுத்தாயிற்று. கலிங்கு பழைய மட்டத்துக்கு வந்துவிட்டது. கையில் லேசாக வலி, அதனால்தான் எழுத்து கோணல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொன்மணி

---

கீழக்கூவலூர்
18.9.2025

என் மதினிக்கு,

இனிமேல் சம்பந்தியம்மா என்று எழுத எனக்கு வராது. லேசான வலி எப்படி இருக்கிறது?

பிறந்த வீட்டுக்குப் போய்வந்த உமாராணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கிராமசபையில் பார்க்கலாம், பார்க்கலாம் என்று ஆண்கள் தள்ளிப்போட்டதையும், அடுத்த வாரம் நீங்கள் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு முதல் ஆளாகக் கலிங்கில் இறங்கியதையும், பின்னாலேயே குழுப் பெண்கள் இறங்கியதையும். உங்கள் வீட்டு அண்ணன் கரைமேல் நின்று, "ஏட்டி, ஏறி வா மேல" என்று கத்த, நீங்கள் "நீங்க இறங்கி வாங்க கீழ" என்றீர்களாமே! உமாராணி இதை நடித்துக் காட்டியபோது சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகள் கை தட்டின.

கல் உருண்டு உங்கள் வலது கை விரலில் விழுந்ததைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. இரண்டு விரல் எலும்பு முறிந்து மாவுக்கட்டு. அதற்கா மதினி லேசான வலி என்று எழுதினீர்கள்? இடது கையால் எழுதிய எழுத்து என்று தெரியாமல், கோபத்தில் கிறுக்கியது என்று நினைத்து நான் நாலைந்து நாள் தூங்கவில்லை.

அண்ணன் கரையிலிருந்து குதித்து, உங்களைப் பைக்கில் வைத்து விளாத்திகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதையும் சொன்னாள். உங்களை வீட்டில் விட்டதும் நேரே கலிங்குக்குத் திரும்பிப் போய், கரையில் நின்ற ஆண்களைப் பார்த்து, "எம் பொண்டாட்டி கையை ஒடிச்ச கல்லு ஒண்ணுகூட இங்கன கிடக்கப்பிடாது" என்று கத்தினாராம். பொழுது சாயும்முன் கலிங்கு காலி. இதில் ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை.

நேற்று உமாராணி எங்கள் வீட்டுக்கு வந்து மறுபடி சொன்னபோது இவரும் கேட்டுக்கொண்டு இருந்தார். இன்று விடிந்ததும் டிராக்டரைக் கிளப்பினார். எங்கே என்றேன். "விளாத்திகுளம் வரைக்கும் போறேன்" என்றார். வண்டி திரும்பியது விளாத்திகுளம் பக்கம் இல்லை.

உங்கள் ராமலட்சுமி

---

மேலக்கூவலூர்
5.10.2025

மதினிக்கு,

கட்டுப் பிரித்துவிட்டார்கள். விரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை, பேனா பிடிக்க வருகிறது. நீங்களும் அண்ணாச்சியும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

அண்ணாச்சி விளாத்திகுளத்துக்குப் போன வழியில் எங்கள் கண்மாய் இருந்திருக்கிறது! அன்று வந்தவர் அப்புறம் பத்து நாள் வந்தார். மனுவுக்கும் அனுமதி வந்திருந்ததால், வண்டலை அள்ளி அள்ளி எங்கள் காடுகளுக்கு அடித்தார், உங்கள் ஊருக்கும் கொண்டுபோனார். அவரைப் பார்த்து எங்கள் ஊர் டிராக்டர் இரண்டும் வந்தன. இவர் கண்மாயின் வடக்கு மூலையில், அண்ணாச்சி தெற்கு மூலையில். பத்து நாளும் ஒரு வார்த்தை கிடையாது. டீ கொண்டு போனால் இவர், "அங்கன முதல்ல குடு" என்பார். அங்கே போனால் அண்ணாச்சி, "அவுகளுக்குக் குடுத்தாச்சா?" என்பார். டீ ஆறியதுதான் மிச்சம்.

இவர் சமையல் பற்றியும் சொல்ல வேண்டும். என் கை கட்டோடு இருந்த வரைக்கும் இவர்தான் குழம்பு வைத்தார். உப்பு கம்மி என்று ஒருநாள்கூட நான் சொல்லவில்லை.

போன வருஷம் ஊர் முழுக்க மக்காச்சோளம் போட்டு ஒரே புழுவில் போனது. இந்த வருஷம் கம்பு, உளுந்து, பருத்தி என்று பிரித்துப் போட்டிருக்கிறோம். ஒன்று ஏமாற்றினால் ஒன்று காப்பாற்றும். உடைந்த கரையையும் கட்டி முடித்தாயிற்று. இனி வானம்தான் பாக்கி.

கார்த்திகையில் ஒன்பதாம் மாசம் வருகிறது. டிசம்பர் ஏழு ஞாயிற்றுக்கிழமை நல்லநாள். இவர்கள் பேசினால்தானே!

பொன்மணி

---

கீழக்கூவலூர்
25.11.2025

மதினிக்கு,

நனையாத துணி ஒன்றில்லாமல், மனசு நிறைந்து எழுதுகிறேன். நீங்கள் காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா?

சனிக்கிழமை பிடித்த மழை ஞாயிறு ராத்திரியும் விடவில்லை. அதே பழைய மழைதான், கொட்டு கொட்டென்று. எங்கள் ஊரில் யாரும் படுக்கவில்லை. வெள்ளத்தில் வீடு இழந்தவர்கள் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விடியும்போது ஓடையில் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தோம். செம்பழுப்பாக, நுரையும் சருகுமாக, கரைக்குள் அடங்கி வந்துகொண்டிருந்தது தண்ணீர். காட்டுப் பக்கம் ஒரு சொட்டுப் போகவில்லை. நேரே எங்கள் கண்மாய்க்குள் விழுந்தது. உமாராணி சேலையோடு ஓடையில் குதித்துவிட்டாள்.

அப்போதுதான் ஓடைக்கரையில் ஓர் ஆள் வருவது தெரிந்தது. கையில் மண்வெட்டி, தலையில் உரச்சாக்கு. பார்த்தால் அண்ணன்! உங்கள் கலிங்கு வழியத் தொடங்கியதிலிருந்து தண்ணீரோடு தண்ணீராக, எங்கே அடைக்கிறது, எங்கே கரை கரைகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இவர் உள்ளேயிருந்து வந்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி வந்து சேந்துட்டா?" என்றார் அண்ணன்.

"வந்துட்டு."

"எங்கனயும் கரை ஏறலையே?"

"இல்ல."

"அப்ப நான் வாரேன்."

இவர் அண்ணனுடைய காலைப் பார்த்தார். "காலு பூரா முள்ளு. இதோட எங்க போறீக? உள்ள வாங்க சம்பந்தி."

உள்ளே உட்காரவைத்து, ஊக்கை வாங்கி, இவரே குனிந்து முள்ளை எடுத்தார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "இது எந்த ஊரு முள்ளு?" என்றார். "எங்க ஊருதான். வெட்டினதுல மிச்சம்" என்றார் இவர். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கோழி பறந்தது. அப்புறம் அண்ணனுக்கு ஏழு தோசை, மிளகாய்ப் பொடி.

ராமலட்சுமி

---

மேலக்கூவலூர்
28.11.2025

மதினிக்கு,

இங்கே எல்லோரும் நலம். கரை கல்லாக நிற்கிறது, கண்மாய் கடலாகக் கிடக்கிறது.

விடிய விடிய இவரைக் காணாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வந்ததும், "எங்க போனீக?" என்று கேட்டதற்கு, "தோசை நல்லா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். மிச்சத்தை உங்கள் கடிதத்தில்தான் படித்தேன்.

ஒன்று மட்டும் இவர் மனசில் கிடந்து உறுத்துகிறது. வரும் வழியில் உங்கள் கலிங்கையும் பார்த்தாராம். அதிலும் மண்மூட்டை அடுக்கியிருக்கிறதாமே. உங்கள் கண்மாய் நிறைந்தால் தண்ணீர் உங்களுக்குக் கீழே இருக்கிற சின்னநத்தத்துக் கண்மாய்க்குப் போக வேண்டும். போகாவிட்டால் உங்கள் கரைக்கும் எங்கள் கரைக்கு வந்த கதிதான். கேட்டிருக்கலாமே என்றேன். "முள்ளு எடுத்துக்கிட்டிருக்க மனுசங்கிட்ட எப்படிட்டி கேக்க?" என்கிறார்.

பொன்மணி

---

கீழக்கூவலூர்
1.12.2025

மதினிக்கு,

நாங்கள் நலம். இவருக்கு மாத்திரை ஒன்று குறைந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தை இவரிடமே படித்துக் காட்டினேன். "ரெண்டு பேரும் இத்தன மாசமா எழுதிக்கிட்டா இருக்கீக?" என்றார். ஆமாம் என்றேன். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

கலிங்கில் எங்கள் ஊர் இளவட்டங்கள் புதுமூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கண்மாய் விளிம்பைத் தொட்டுவிட்டது. "இத்தன வருசம் கழிச்சு வந்த தண்ணி மாமா, விட்டா போயிரும்" என்றான் ஒருவன். இவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அவன் தோளில் கை வைத்து, "போனா சின்னநத்தத்துக்குத்தானல போவும். அங்கயும் மாடு கிடக்கு, மனுசன் கிடக்கான். நாம மேலூர்க்காரவியளப் பேசின பேச்சை நாளைக்கு அவிய நம்மளப் பேசணுமா?" என்றார். குனிந்து முதல் மூட்டையை இவரே இழுத்தார். மூட்டை இறங்க இறங்க, தண்ணீர் கலிங்கில் விரிப்பு விரித்தாற்போல வழிந்தது.

மத்தியானம் சின்னநத்தம் பக்கமிருந்து சத்தம் கேட்டது. அந்த ஊர்ப் பெண்கள் போட்ட குலவை, எங்கள் கரை வரைக்கும் கேட்டது மதினி.

ஏழாம் தேதி வளைகாப்பு எங்கள் வீட்டில். இந்துஜா சரி என்று சொல்லிவிட்டாள். எத்தனை பேர் வருகிறீர்கள்?

ராமலட்சுமி

---

மேலக்கூவலூர்
4.12.2025

மதினிக்கு,

பொன்மணி. எல்லோரும் நலம். நேரில் பார்க்கத்தான் போகிறோம், அவசரமாக எழுதுகிறேன்.

எத்தனை பேர் என்று கேட்டீர்கள். குழுவில் எல்லோரும் வருகிறார்கள், கலிங்கில் இறங்கியவர்கள் வருகிறார்கள், கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களும் வருகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் ஊரைப் பூட்டிவிட்டு வருகிறோம். சோற்றைக் கூடுதலாக வடியுங்கள்.

இத்தனை பேருக்கு வேன் பேச வேண்டுமே என்று இவரிடம் கேட்டேன். வளையல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வேன் எதுக்குட்டி? தண்ணி ஓடையோட நடந்துதான போச்சு. நாமளும் நடந்தே போவோம்."

பொன்மணி